டிஸ்சார்ஜுக்குப் பிறகு தொடங்கும் நடுக்கம்

‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தைப் பற்றி அநேகமாக எல்லோருக்கும் தெரிந்திருக்கும். 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டில் சாலை விபத்தில் அடிபட்டவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும், கையில் காப்பீட்டு அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசு பணம் கட்டும். இப்படி ஒரு திட்டத்துக்கான தேவை நம்மைவிட யாருக்கும் அதிகம் இல்லை. மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ல் தமிழ்நாட்டில் மட்டும் 64,105 விபத்துகள். எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம். இறந்தவர்கள் 17,884 பேர். தலையில் அடிபட்டவருக்கு முதல் சில மணி நேரம் எவ்வளவு முக்கியம் என்பதை எந்த அவசரப் பிரிவு நர்ஸும் சொல்வார். மூச்சு தடைபடாமல், ரத்த அழுத்தம் இறங்காமல் பார்த்துக்கொண்டால், உள்ளே உறையும் ரத்தத்தை உடனே எடுத்துவிட்டால், போக இருந்த உயிரைத் திருப்பலாம். இதில் எந்தக் குறையும் சொல்ல வரவில்லை. நான் பேச வந்தது பிழைத்தவர்களைப் பற்றி. தலைக்காயத்தின் விளைவுகளில் ஒரு வகை, ஆள் பிழைத்து, தையல் பிரித்து, டிஸ்சார்ஜ் ஆகி, சொந்தக்காரர்கள் எல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போன பிறகுதான் தலைகாட்டும். சில வாரம், சில மாதம், சமயத்தில் சில வருடம்கூட ஆகலாம். கை நடுங்கும், கழுத்து ஒரு பக்கம் திருகும், பாதம் உள்நோக்கி மடங்கும், நடை குறுகும். அசைவுக் கோளாறுகள் என்று பொதுவாகச் சொல்லலாம். இந்தத் தாமதத்தை நம் மருத்துவமனைகளும் சட்டமும் குடும்பங்களும் கணக்கில் எடுப்பதில்லை. அதனால் ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு தவறுகள் நடக்கின்றன. சம்பந்தம் உள்ள இடத்தில் அது கண்ணில் படுவதில்லை. சம்பந்தம் உறுதியாகாத இடத்தில் அவசரமாகக் கட்டிவிடுகிறோம். தலைக்காயம் பட்ட ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கணக்கில் நீளும் ஒரு காலக் குறிப்பு இருந்தால் இந்த இரண்டு தவறும் பெருமளவு குறையும் என்பது என் வாதம்.

முதலில், இது எத்தனை பேருக்கு வருகிறது? ஜெர்மனியில் ஜோக்கிம் கிராஸ் என்ற நரம்பியல் அறுவை நிபுணரும் உடன் பணியாற்றியவர்களும் 1996-ல் வெளியிட்ட ஆய்வைத்தான் இன்றும் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். கடுமையான தலைக்காயத்திலிருந்து பிழைத்த 221 பேரைப் பல ஆண்டுகள் கழித்துத் தேடிப் பார்த்தார்கள். 50 பேருக்கு, அதாவது 22.6 சதவீதம் பேருக்கு, ஏதோ ஒரு அசைவுக் கோளாறு வந்திருந்தது. அதில் 23 பேருக்கு அது வந்து தானாக அடங்கிவிட்டது. மற்ற 27 பேருக்கு நிலைத்துவிட்டது. அடுத்த ஆண்டு லேசான, மிதமான காயம் பட்ட 158 பேரைப் பார்த்தபோது விகிதம் 10.1 சதவீதமாக இறங்கியது; அவர்களில் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் சரியாகிவிட்டது. ஆக, சின்ன அடி பட்டவர்கள் இதைப் படித்துவிட்டுத் தினமும் கையை நீட்டி நடுங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. கோமாவில் கிடந்து மீண்டவர்களில் எட்டில் ஒருவருக்கு நிரந்தரமாக நிற்கிறது என்பதோ சாதாரண விஷயமில்லை.

இந்த நடுக்கம் வயதானவர்களிடம் நாம் வழக்கமாகப் பார்க்கும் நடுக்கத்திலிருந்து வேறுபட்டது. பார்க்கின்சன் நோயாளிக்குக் கை மடியில் சும்மா இருக்கும்போது ஆடும், ஒரு பொருளை எடுக்கப் போனால் குறையும். காயத்துக்குப் பின் வரும் நடுக்கத்தில் பெரும்பாலும் இது தலைகீழ். காபி டம்ளரைப் பிடிக்கக் கை நீளும்போது ஆட்டம் தொடங்கும். டம்ளர் வாயை நெருங்க நெருங்க ஆட்டத்தின் அகலம் கூடும், உதட்டருகே வரும்போது காபி சட்டையில் கொட்டியிருக்கும். ஆகவே டம்ளரைப் பாதிதான் நிரப்பச் சொல்வார்கள். முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு, கையைக் கொண்டுபோகாமல் தலையைக் குனிந்து டம்ளரிடம் வாயைக் கொண்டுபோவார்கள். இதிலேயே இன்னும் கடுமையான ஒரு வகை உண்டு. கை சும்மா இருக்கும்போதும் ஆடும், நீட்டி வைத்தாலும் ஆடும், ஒன்றை எடுக்கப் போனால் இன்னும் மோசமாக ஆடும். வேகம் குறைவு, வீச்சு அதிகம். 1904-ல் இதை விவரித்த பிரிட்டிஷ் நரம்பியலாளர் கார்டன் ஹோம்ஸின் பெயரில் ஹோம்ஸ் நடுக்கம் என்கிறார்கள். பெரும்பாலும் நடுமூளைப் பகுதியில் சேதம் ஏற்பட்டு, சில வாரம் முதல் சில மாதம் கழித்துத் தொடங்கும்.

இரண்டாவது வகை டிஸ்டோனியா. தசைகள் தம் பாட்டுக்கு இறுகி உறுப்பைத் திருகிப் பிடிக்கும் நிலை. உடம்பின் ஒரு பாதியில் மட்டும் வருவது தலைக்காயத்தில் அடிக்கடி பார்க்கக்கூடியது. எதிர்ப்பக்க மூளையின் ஆழத்திலுள்ள அடித்தள நரம்புத் திரள்களில் பழைய ரத்தக்கசிவின் தழும்பு தெரியும். கட்டில் மேல் படுத்திருக்கும்போது கால் ஒழுங்காக இருக்கும். எழுந்து நான்கு அடி வைத்ததும் பாதம் உள்நோக்கித் திரும்பி, கட்டை விரல் மேலே தூக்கிக்கொள்ளும். ரப்பர் செருப்பு காலில் நிற்காது. கழுத்து திருகிக்கொண்டவர் தாடையின் ஒரு பக்கத்தில் விரலை லேசாக வைத்தால் போதும், தலை நேராகிவிடும்; விரலை எடுத்ததும் மறுபடி திருகும். பார்க்கிறவருக்கு இது வித்தையாகவோ பாசாங்காகவோ தோன்றும். நரம்பியல் டாக்டருக்கோ அந்த விரல் தொடுகையே டிஸ்டோனியாவின் அடையாளம். இந்த வகைதான் மிகவும் தாமதமாக வருவது. விபத்து நடந்து ஒரு வருடம், இரண்டு வருடம், சிறுவயதில் அடிபட்டவர்களுக்கு அதற்கும் மேல் கழித்துத் தொடங்கியதாகப் பதிவுகள் நிறைய இருக்கின்றன.

ஏன் இந்தத் தாமதம்? வண்டியிலிருந்து விழுந்து தலை தரையில் மோதும்போது மண்டையோடு நின்றுவிடுகிறது. உள்ளே மூளை ஒரு கணம் சுழன்றுகொண்டிருக்கிறது. அந்தச் சுழற்சியில் நீண்ட நரம்பிழைகள் இழுபடுகின்றன, சில அங்கேயே அறுகின்றன, சில அடுத்த நாட்களில் வீங்கி மெல்ல அறுகின்றன. நடுமூளை, உறுதியான ஒரு சவ்வின் விளிம்பை ஒட்டி இருப்பதால் அங்கே அடி பலம். சிறுமூளையிலிருந்து தலாமஸ் என்ற மூளைப் பகுதிக்கு அசைவைச் சீர்ப்படுத்தும் செய்திகளைக் கொண்டுபோகும் இழைகள் அந்த வழியாகத்தான் போகின்றன. இந்தச் சேதம் முதல் நாள் எடுக்கும் சி.டி. ஸ்கேனில் பல நேரம் தெரிவதே இல்லை. ‘ஸ்கேன் நார்மல்’ என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களிலும் இது உண்டு. அறுந்தது அறுந்தபடியே இருந்தால் அசைவுக் குறை முதல் நாளே தெரிந்துவிடும். ஆனால் மூளை சும்மா இருப்பதில்லை. எஞ்சிய செல்கள் புதிய இணைப்புகளை வளர்க்கின்றன, வழக்கமான செய்தி வராத செல்கள் அதீதக் கூருணர்ச்சி பெறுகின்றன. பெரிய சாலையை மேம்பால வேலைக்காக அடைத்தால் வண்டிகள் சந்துகளில் புகுந்து, சில வாரம் கழித்து அந்தச் சந்துகளே நெரிசலாகும் இல்லையா, அதுபோல. டிஸ்டோனியாவையும் ஹோம்ஸ் நடுக்கத்தையும் இந்த மறுசீரமைப்பின் பக்கவிளைவு என்றே பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பக்கவாதமாகக் கிடந்த கை தேறி வரும் நேரத்திலேயே டிஸ்டோனியா தொடங்குவது இதனால்தான். ‘கை நல்லா வந்துட்டிருந்துச்சே, இப்ப என்ன இப்படி இழுக்குது’ என்று வீட்டார் குழம்புவது நியாயம். தேறுவதும் திருகுவதும் ஒரே சமயத்தில் நடக்கின்றன.

இப்போது முதல் தவறு, சம்பந்தத்தைத் தவறவிடுவது. விபத்துக்குப் பதினைந்து மாதம் கழித்து ஒருவர் கை நடுக்கத்தோடு வேறொரு டாக்டரிடம் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். தலைக்காயம் பற்றிக் கேட்டால்தான் சொல்வார், ஓ.பி.யில் அதைக் கேட்க நேரமில்லை. டிஸ்சார்ஜ் சம்மரி எந்த பீரோவிலோ கிடக்கிறது. நம் ஊர்ச் சுவர்களில் விளம்பரம் செய்யும் ‘நரம்புத் தளர்ச்சி’ வைத்தியர்கள் இந்த இடைவெளியில்தான் புகுந்து சம்பாதிக்கிறார்கள். சத்து ஊசி, லேகியம், மாதாந்திரப் பேக்கேஜ். பணம் போவது ஒரு பக்கம் இருக்கட்டும். காயத்தை நினைவில் வைத்துத் தேடியிருந்தால் சரிசெய்திருக்கக்கூடியவை சில உண்டு, அவை தவறிப்போவதுதான் பெரிய இழப்பு. மூன்று வகைகளைச் சொல்கிறேன்.

ஒன்று, மூளைக்கும் அதன் மேல் சவ்வுக்கும் நடுவே மெல்ல ஊறும் ரத்தக் கட்டு. வயதானவர்கள், குடிப்பழக்கம் உள்ளவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஆகியோருக்கு நிலைப்படியில் இடித்துக்கொண்ட சின்ன அடியே போதும். மூன்று வாரமோ அதற்கு மேலோ கழித்து நடை தளரும், ஒரு பக்கம் இழுக்கும், அபூர்வமாகப் பார்க்கின்சன் நோயைப் போலவே இறுக்கமும் மந்தமும் வரும். மண்டையோட்டில் சிறு துளையிட்டு ரத்தத்தை வடித்துவிட்டால் பலருக்கு விரைவில் சரியாகும். இரண்டாவது, காயத்துக்குப் பிறகு மூளை நீர் வடிய வழியில்லாமல் தேங்குவது. காலைத் தூக்க முடியாமல் தேய்த்துத் தேய்த்து நடப்பார், சிறுநீர் அடக்க முடியாது, நினைவு மங்கும். ‘தலையில அடிபட்ட மனுஷன், இப்படித்தான் இருப்பார்’ என்று விட்டுவிடுவார்கள். இதற்கும் நீரை வயிற்றுக்குத் திருப்பிவிடும் ஷன்ட் அறுவை இருக்கிறது. மூன்றாவதுதான் எனக்கு மிகவும் எரிச்சலூட்டுவது: மருந்து. தலைக்காயம் பட்டவருக்கு முதல் வாரத்தில் ஃபிட்ஸ் வராமல் இருக்க ஃபெனிடாயின் கொடுக்கிறார்கள். ஃபிட்ஸ் வராதவருக்கு அந்தத் தடுப்பு மருந்து 7 நாள் போதும் என்பது சர்வதேச வழிகாட்டுதல். அதற்கு மேல் கொடுப்பதால் பிற்கால வலிப்பைத் தடுக்க முடிவதில்லை என்று 1990-லேயே ஆய்வு வந்துவிட்டது. ஆனாலும் சீட்டில் ‘தொடரவும்’ என்று ஒருமுறை எழுதிவிட்டால் அது மாதக்கணக்கில் தொடரும். அளவு கூடினால் ஃபெனிடாயின் தள்ளாட்டத்தைக் கொடுக்கும். வால்ப்ரோயேட் கை நடுக்கத்தைக் கொடுக்கும், முதியவர்களுக்குப் பார்க்கின்சன் போன்ற மந்தத்தையும் கொண்டுவரும். முரண்டு பிடிக்கும் நோயாளிக்குப் போட்ட ஹாலோபெரிடால், வாந்திக்குப் போட்ட மெட்டோகுளோப்ரமைடு இரண்டும் கழுத்தையும் கண்ணையும் திருகச் செய்யும். இதற்காக யாரும் மாத்திரையைத் தாமே நிறுத்திவிட வேண்டாம். வலிப்பு மருந்தைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. எந்த மருந்து எந்தத் தேதியில் தொடங்கியது, நடுக்கம் எந்தத் தேதியில் தொடங்கியது என்ற இரண்டு தேதிகள் டாக்டர் கையில் இருந்தால் போதும், பாதிக் குழப்பம் தீரும்.

இரண்டாவது தவறு இதற்கு நேர் எதிர்: எல்லாவற்றையும் பழைய அடியின் தலையில் கட்டுவது. இதற்கு உலகப் புகழ்பெற்ற உதாரணம் முகமது அலி. குத்துச்சண்டை வீரர்கள் குடிகாரர்களைப் போலத் தள்ளாடுவதையும், பேச்சு குழறுவதையும், முகம் உறைந்துபோவதையும் 1928-லேயே அமெரிக்காவில் ஹாரிசன் மார்ட்லண்ட் என்ற நோயியல் மருத்துவர் எழுதிவிட்டார். 1973-ல் இங்கிலாந்தில் கோர்செல்லிஸ் குழு ஓய்வுபெற்ற 15 குத்துச்சண்டை வீரர்களின் மூளைகளை ஆராய்ந்தபோது, பார்க்கின்சன் நோயில் அழியும் அதே கருநிறப் பகுதி பலருக்கு வெளுத்துப்போயிருந்தது. ஆகவே 1981-ல் ஓய்வுபெற்ற அலிக்கு 1984-ல், 42 வயதில், நோய் உறுதியானபோது உலகமே ஒரே தீர்ப்பைச் சொன்னது: வாங்கிய குத்துகள். அலிக்குச் சிகிச்சை அளித்த நரம்பியல் நிபுணர்கள் 2022-ல் அவருடைய மருத்துவப் பதிவுகளை வைத்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நோய் ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் இருந்தது, பார்க்கின்சனுக்குத் தரும் லெவோடோபா மாத்திரைக்கு நல்ல பலன் கிடைத்தது, பெட் ஸ்கேனில் டோபமைன் குறைந்திருந்த விதமும் வழக்கமான பார்க்கின்சனோடு ஒத்துப்போனது, ஆண்டுக்கணக்கில் படிப்படியாக முற்றியது. இளம் வயதில் தொடங்கும் வழக்கமான பார்க்கின்சன்தான் அது என்பது அவர்கள் முடிவு. அந்த நோய் வர குத்துகளும் ஒரு கை கொடுத்தனவா என்பது தனிக் கேள்வி. ‘குத்து வாங்கினார், நடுங்கினார்’ என்ற ஒற்றை வரியால் அதற்குப் பதில் சொல்ல முடியாது. என்னைக் கேட்டால், அந்தக் கட்டுரையின் மதிப்பு அதன் முடிவைவிட அதற்கு அடிப்படையான பதிவுகளில்தான் இருக்கிறது. பல ஆண்டுப் பரிசோதனைக் குறிப்புகள் பத்திரமாக இருந்ததால்தான் இவ்வளவு காலம் கழித்து அந்தக் கேள்வியைத் திறந்து பார்க்க முடிந்தது. நம் ஊரில் ஒரு கட்டடத் தொழிலாளிக்கு அப்படி என்ன பதிவு இருக்கும்?

அப்படியானால் ஒரே ஒரு தலைக்காயம் பிற்காலத்தில் பார்க்கின்சன் நோயைக் கொண்டுவருமா? இங்கே ஆட்சேபம் வலுவானது, அதை நேர்மையாகச் சந்திக்க வேண்டும். டென்மார்க்கில் 2008-ல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று 13,695 பார்க்கின்சன் நோயாளிகளின் மருத்துவமனைப் பதிவுகளைப் பார்த்தது. தலைக்காயத்துக்கும் நோய்க்கும் தொடர்பு தெரிந்தது. ஆனால் அந்தத் தொடர்பு ஏறக்குறைய முழுவதும் நோய் கண்டறியப்படுவதற்குச் சில மாதம் முந்தைய காயங்களிலிருந்தே வந்தது. நோய் ஏற்கெனவே தொடங்கி, நடை தடுமாறி, விழுந்து தலையில் அடிபட்டிருக்கிறார்கள். காரணமும் விளைவும் இடம் மாறிவிட்டன. ‘கீழ விழுந்த பிறகுதான் அப்பாவுக்குக் கை நடுங்க ஆரம்பிச்சுது’ என்று குடும்பங்கள் சொல்வதில் பல, உண்மையில் பார்க்கின்சன் தொடங்கியதால் விழுந்த அப்பாக்களின் கதை. எது முதலில் என்று தெரிய, விழுவதற்கு முன் நடை எப்படி இருந்தது, எழுத்து சிறுத்திருந்ததா, ஒரு கை வீசாமல் நடந்தாரா என்று யாராவது கேட்டிருக்க வேண்டும்.

இந்த ஆட்சேபம் எல்லா ஆய்வுகளையும் அடித்துவிடவில்லை. இரண்டாம் உலகப் போரில் பணியாற்றிய அமெரிக்க இரட்டையர்களில், ஒருவருக்கு மட்டும் பார்க்கின்சன் வந்த 93 ஜோடிகளை 2006-ல் ஆராய்ந்தார்கள். ஒரே வீட்டில் ஒரே வளர்ப்பில் வளர்ந்தவர்கள். நினைவு தப்பிய அளவுக்குத் தலைக்காயம் பட்டவருக்கு நோய் வரும் வாய்ப்பு 3.8 மடங்கு, காயத்துக்கும் நோய்க்கும் நடுவே பல பத்தாண்டுகள் போயிருக்க முடியும் என்று ஆய்வாளர்கள் முடிவுக்கு வந்தார்கள். விழுந்ததால் நோயா, நோயால் விழுந்தாரா என்ற குழப்பத்துக்கு அவ்வளவு நீண்ட இடைவெளியில் இடமில்லை. 7,130 முதியவர்களை வைத்து 2016-ல் வெளியான இன்னொரு ஆய்வு, நினைவு தப்பிய தலைக்காயத்தை அல்சைமர் நோயோடு இணைக்க முடியவில்லை என்றும் பார்க்கின்சன் நோயோடு இணைக்க முடிகிறது என்றும் சொன்னது; இறந்தவர்களின் மூளைகளில் பார்க்கின்சனுக்கே உரிய லூயி திரள்கள் கூடுதலாக இருந்தன. வழிமுறைக்கும் தடயம் இருக்கிறது. காயத்தில் அறுந்த நரம்பிழைகளில் ஆல்ஃபா-சினூக்ளின் என்ற புரதம் தேங்குவதைப் பார்த்திருக்கிறார்கள். பார்க்கின்சன் நோயில் உருண்டு திரள்வதும் அதே புரதம். கலிஃபோர்னியாவின் விவசாய மாவட்டங்களில் 2012-ல் நடந்த ஆய்வில் தலைக்காயம் பட்டு, பாராக்வாட் களைக்கொல்லி தெளிக்கும் வயல்களுக்கு அருகே வாழ்ந்தவர்களுக்கு இரண்டும் சேர்ந்து ஆபத்தை மூன்று மடங்காக்கின. காயம் தனியாக வேலை செய்வதில்லை, வேறு ஒன்றோடு கைகோத்துக்கொள்கிறது என்று இதைப் படிக்கத் தோன்றுகிறது.

அடுத்த ஆட்சேபம் பயம் பற்றியது. தலையில் அடிபட்டவர்களை எல்லாம் பார்க்கின்சன் வரும் என்று மிரட்டுவது சரியா? மிரட்டக் கூடாது, எண்களை முழுதாகச் சொன்னால் மிரட்டலாகவும் ஆகாது. அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றிய 3,25,870 பேரை வைத்து 2018-ல் வெளியான ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். லேசான தலைக்காயம் பட்டவர்களுக்கு ஆபத்து 56 சதவீதம் அதிகம், மிதமான அல்லது கடுமையான காயத்துக்கு 83 சதவீதம் அதிகம். தலைப்புச் செய்திகள் இதோடு நின்றன. அதே ஆய்வில் காயம் பட்ட பாதிப் பேரில் நோய் வந்தவர்கள் 949, காயம் படாத மறுபாதியில் 513. ஆயிரத்துக்கு மூன்று என்பது ஆயிரத்துக்கு ஆறு ஆகியிருக்கிறது. அந்த ஆய்வுக் காலத்துக்குள் காயம் பட்ட ஆயிரத்தில் 994 பேருக்கு ஒன்றும் வரவில்லை. தனிமனிதர் தூக்கம் கெடத் தேவையில்லாத எண் இது. ஒரு வருடத்தில் 4,43,366 பேர் சாலையில் காயம்படும் நாட்டுக்கு இதே எண் வேறு அர்த்தம் தரும்.

அதுவும் போகட்டும், இந்த நடுக்கம் எல்லாம் இழப்பீட்டுக்காக நடிப்பது என்று வாதிடும் ஒரு தரப்பு உண்டு. காப்பீட்டு நிறுவன வழக்கறிஞர்கள் மட்டுமல்ல, சில டாக்டர்களும்கூட. மூளையின் கட்டமைப்பில் சேதம் இல்லாமலே அசைவுக் கோளாறு வருவது உண்மைதான். செயல்பாட்டு அசைவுக் கோளாறு என்று அதற்குப் பெயர், சின்ன அடிக்குப் பிறகும் அது தொடங்கும். அதைக் கண்டுபிடிக்க நல்ல வழிகள் இருக்கின்றன. ஒரு கை நடுங்குகிறவரை மறு கையால் மேசையில் ஒரு தாளம் தட்டச் சொல்வார்கள். நடுங்கும் கை அந்தத் தாளத்துக்கே மாறினாலோ நின்றே போனாலோ அது செயல்பாட்டு வகை. நடுமூளைச் சேதத்தால் வந்த நடுக்கம் தன் வேகத்தை மாற்றிக்கொள்ளாது. தாளத்துக்கு மாறுவதால் அது பாசாங்கு என்று ஆகிவிடாது. நோயாளி வேண்டுமென்று செய்வதில்லை, தனியாக வடிவமைத்த பிசியோதெரபிக்குப் பலரும் தேறுகிறார்கள். ‘நடிக்கிறே’ என்று சொல்லி அனுப்பிவிட்டால் அந்தச் சிகிச்சைக்கும் வழி அடைபடுகிறது. சந்தேகப்படுகிறவர் பரிசோதித்து எழுத வேண்டும். முகத்தைப் பார்த்து எழுதக் கூடாது.

கண்டுபிடித்து என்ன பயன், குணப்படுத்தவா போகிறீர்கள் என்பது கடைசிக் கேள்வி. முழுக் குணம் என்று யாரும் உறுதி தர முடியாது. ஆனால் கழுத்துத் திருகலுக்கும் கை இறுக்கத்துக்கும் போட்யூலினம் ஊசி நன்றாகவே வேலை செய்கிறது. சுமார் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போட வேண்டும். ஹோம்ஸ் நடுக்கத்தில் சிலருக்கு லெவோடோபா கேட்கிறது. மருந்துக்கு அடங்காத நடுக்கத்துக்கு தலாமஸில் மின்முனை பதிக்கும் அறுவை இருக்கிறது. பரம்பரை டிஸ்டோனியாவில் கிடைக்கும் அளவுக்கு காயத்தால் வந்த டிஸ்டோனியாவில் மின்முனைச் சிகிச்சை பலன் தருவதில்லை, அதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இதெல்லாம் மேல்நாட்டுச் சங்கதி என்று தள்ளவும் முடியாது. மூளையின் ஆழத்தில் மில்லிமீட்டர் கணக்கில் குறிபார்த்து நடுக்கத்துக்கும் தேவையற்ற அசைவுகளுக்கும் அறுவை செய்வதில் சென்னை 1960-களிலேயே பெயர் வாங்கிய ஊர். அரசு பொது மருத்துவமனையில் பி.ராமமூர்த்தியும் வி.பாலசுப்ரமணியமும், ஆசியாவின் முதல் பெண் நரம்பியல் அறுவை மருத்துவர்களில் ஒருவரான டி.எஸ்.கனகாவும் செய்த வேலை அது.

கூட்டம் நிரம்பி வழியும் அரசு மருத்துவமனையில் தலைக்காயக்காரர்களை வருடக்கணக்கில் யார் பின்தொடர்வது என்றால், நான் கேட்பது பெரிய ஏற்பாடு எதுவும் இல்லை. டிஸ்சார்ஜ் சம்மரியின் கடைசியில் தமிழில் நான்கு வரி: எத்தனை நாள் நினைவில்லை, ஸ்கேனில் எங்கே சேதம், எந்த மருந்து எந்தத் தேதி வரை, இன்னின்ன அசைவு மாற்றம் தெரிந்தால் நரம்பியல் ஓ.பி.க்கு வரவும். மூன்று மாதம், ஆறு மாதம், ஒரு வருடம், இரண்டு வருடம் என நான்கு முறை தொலைபேசியில் கேட்கலாம். வீடு வீடாகப் போய் ரத்தக் கொதிப்பு மாத்திரை கொடுக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியரிடம், ‘டம்ளர் பிடிக்கும்போது கை ஆடுதா, நடக்கும்போது கால் திரும்புதா’ என்று இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்கச் சொல்வதற்குப் புதிய கட்டடம் தேவையில்லை.

சட்டத்தின் பக்கமும் திருத்தம் வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 166(3) பிரிவு, 2019 திருத்தத்துக்குப் பிறகு, இழப்பீட்டு மனுவுக்கு விபத்திலிருந்து 6 மாதக் கெடு வைக்கிறது. 2022 ஏப்ரல் 1 அன்று இது நடைமுறைக்கு வந்தது; எதிர்த்துத் தொடுத்த வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கின்றன. லேசான காயம் என்று மனுவே போடாமல் விட்டவருக்கு ஒரு வருடம் கழித்து டிஸ்டோனியா வந்தால் அவர் எங்கே போவார்? மனு போட்டவருக்கும், ஊன விழுக்காடு கணக்கிட்ட நாளில் கை ஒழுங்காக இருந்தால் அந்தச் சான்றிதழ்தான் கடைசி வரை. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் பார்க்கின்சன் பெயர் இருக்கிறது, டிஸ்டோனியாவின் பெயர் இல்லை. பெயர் இல்லாததால் சான்றிதழ் கிடைக்காது என்று பொருளில்லை. உடல் இயக்கக் குறைபாட்டின் கீழ் வாதாடிப் பெற வேண்டியிருக்கும்.

அரசும் சட்டமும் மாறும் வரை வீட்டில் செய்யக்கூடியவை உண்டு. குடும்பத்தில் யாராவது எப்போதாவது தலையில் அடிபட்டு நினைவு தப்பியிருந்தால், அந்த டிஸ்சார்ஜ் சம்மரியையும் ஸ்கேன் ரிப்போர்ட்டையும் இன்றே தேடி எடுத்துப் படம் பிடித்து மொபைலில் வையுங்கள். புதிதாக நடுக்கமோ திருகலோ தெரிந்தால், டாக்டர் அறைக்குள் அது வராமல் போகலாம். ஆகவே வீட்டிலேயே ஒரு நிமிட வீடியோ எடுங்கள். கை சும்மா இருக்கும்போது, நீட்டும்போது, டம்ளர் தூக்கும்போது, நடக்கும்போது என நான்கு நிலைகளிலும் எடுங்கள். தொடங்கிய தேதியையும் சாப்பிடும் மருந்துகளையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு நரம்பியல் ஓ.பி.க்குப் போங்கள். தலைவலி, வாந்தி, மயக்கம், ஒரு பக்கம் இழுத்தல் சேர்ந்து வந்தால் ஓ.பி. நாளுக்காகக் காத்திருக்காமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.